மண் சுவர் பிழிந்த இயந்திரம்

தொண்ணூறுகளின் நடுவில், திருவான்மியூரில் ஒரு தகரக் கொட்டகையில், நானும் என்னோடு பொறியியல் படித்த நண்பரும் வீடு கட்டும் இயந்திரம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். சிமெண்டும் வேண்டாம், சூளையும் வேண்டாம், தோண்டிய மண்ணே போதும் என்பது எங்கள் எண்ணம். கம்ப்யூட்டர் சொல்லும் கோட்டில் ஓர் இரும்புக் கை நகரும். அதன் முனையிலுள்ள குழாய், முறுக்கு பிழிவதுபோல், குழைத்த மண்ணை வரிவரியாக அடுக்கிக்கொண்டே போகும்.

மண் குழைக்க அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து ஓர் அக்கா வந்தார். எத்தனை குடம் தண்ணீர் என்று நான் நோட்டைப் பார்த்துச் சொல்வதற்குள், காலால் மிதித்தே பதம் கண்டுவிடுவார்.

அன்று சுவர் முழங்கால் உயரம் வந்திருந்தது. அதுவரை அவ்வளவு வந்ததில்லை. சலிப்பதில் தப்பிய கல் ஒன்று மேல் வரியில் துருத்திக்கொண்டு நின்றது. அதை எடுக்கக் குனிந்த அக்கா, சுவர்மேல் இடது கையை ஊன்றினார். இரும்புக் கை திரும்பி வந்தது. குழாய் முனை அவர் விரல்களை நசுக்கிக்கொண்டு ஏறி, புறங்கையின் மேலும் ஒரு வரி மண்ணை வைத்துவிட்டு, அதே வேகத்தில் போயிற்று.

அந்த வரி கொஞ்சமும் கோணவில்லை என்றுதான் எனக்கு முதலில் பட்டது. அப்படிப் பட்டதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

நண்பர் ஓடிப்போய் கீபோர்டைத் தட்டினார். இயந்திரம் நிற்கவில்லை. கடைசியில் பிளக்கைப் பிடுங்கினார்.

அக்கா மண்ணுக்குள்ளிருந்து கையை உருவினார். இரண்டு விரல்கள் கன்றிப்போயிருந்தன.

"இன்னாம்மா இது, கை கீதுன்னுகூட அதுக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"உங்களுக்குத் தெரியும்ல?"

குழாயில் மண் அடைக்காமலிருக்க மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நாங்கள். பக்கத்தில் ஓர் ஆள் நிற்பார் என்று இருவரில் ஒருவர்கூட யோசித்திருக்கவில்லை.

ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஒரு விரலில் எலும்பு விரிசல். கட்டுப் போட்டார்கள்.

கட்டுப் பிரித்து அவர் திரும்பி வந்தபோது, மண் குழைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு சிவப்பு ஸ்விட்சு வைத்திருந்தோம். அழுத்திப் பார்த்தார். இரும்புக் கை நின்றது.

"இன்னொரு வாட்டி ஓட்டு."

ஓட்டினோம். நிறுத்தினார். அப்படி ஐந்தாறு முறை ஆன பிறகுதான், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணில் இறங்கினார்.