கைத்தாளம் எங்க போச்சு?

என்ர வீட்டுக்காரர் என்னோட சத்தம்போட்டுக் கதைக்கத் தொடங்கினதுதான் முதல் வந்த வில்லங்கம். சண்டைச் சத்தம் இல்லை. "இண்டைக்கு என்ன கறி?" எண்டு கேக்கிறதையே வாய்க்காலுக்கு அங்கால நிக்கிற ஆளைக் கூப்பிடுற மாதிரிக் கேப்பார். "ஏன் இப்பிடிக் கத்துறியள்? நான் என்ன செவிடோ?" எண்டு நான் பாய்வன். அவர் வெத்திலையை மடிச்சு வாயில வைச்சுக்கொண்டு வெளியால போயிடுவார். அந்தப் போக்கைப் பாக்கத்தான் எனக்குப் பயம் பிடிச்சது.

எங்கட அம்மாவுக்கு ஐம்பது வயசில காது போனது. முதல் சின்னச் சின்னச் சத்தங்கள்தான் போனது. பேந்து மனிசரின்ர கதையும் போச்சு. கடைசிக் காலத்தில ஆர் என்ன சொன்னாலும் சிரிச்சுக்கொண்டு தலையாட்டுவா. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கேல்லை. எனக்கும் இப்ப ஐம்பதாகுது.

நான் விசுவமடுவில வீட்டில இருந்து தைக்கிறனான். சட்டை, பள்ளிக்கூட யூனிபோம், கலியாண பிளவுஸ் எண்டு மெஷின் ஓயாது. பாட்டு இல்லாட்டி எனக்குக் கையும் ஓடாது. இன்ன பாட்டுத்தான் எண்டு இல்லை. கோயில் மேளக்கச்சேரியும் கேப்பன், பழைய படப்பாட்டும் கேப்பன், ஆடவைக்கிற பைலாப் பாட்டும் கேப்பன். கிறிஸ்மஸுக்குத் தேவாலயத்தில நாலு குரலில பாடுவினமே, அது எனக்கு வருசம் முழுக்க வேணும். கனடாவில இருக்கிற அக்காவின்ர மகன் ராப் பாட்டு அனுப்புவான். அந்தப் பாட்டுக்காரர் என்ன சொல்லுகினம் எண்டு ஒரு கோதாரியும் விளங்காது, ஆனால் யூனிபோமுக்குக் கரை அடிக்க அதைப்போல தோதான பாட்டு இல்லை.

ஒருநாள் மேளக்கச்சேரியைப் போட்டிட்டுத் தைச்சுக்கொண்டிருந்தனான். ரெண்டு தவிலும் போட்டி போடுற இடம். அந்த வெடிக்கு நடுவில, கைத்தாளம் போடுறவர் தன்ர பாட்டில ணிங், ணிங் எண்டு போட்டுக்கொண்டு நிப்பார். எனக்கு அவரைத்தான் பிடிக்கும். அண்டைக்கு அவரைக் காணேல்லை. திருப்பிப் போட்டன். இல்லை. பழைய படப்பாட்டைப் போட்டன், புல்லாங்குழல்காரர் மூச்செடுக்கிறது கேக்கேல்லை. பாட்டெல்லாம் தலகாணிக்குள்ள இருந்து வாற மாதிரிக் கிடந்தது. மெஷினை நிப்பாட்டிப்போட்டும் கேட்டுப் பாத்தன், அப்பிடித்தான் கிடந்தது.

டொக்டரிட்டப் போயிருக்கலாமே எண்டு நீங்கள் கேப்பியள். போய், அவர் "ஓம் அம்மா, போயிட்டுது" எண்டு சொல்லிப்போட்டால்? எனக்கு அந்தத் துணிவு இல்லை. நல்ல ஹெட்போன் ஒண்டு வாங்கிப் போட்டுப் பாப்பம், அதில கைத்தாளம் கேட்டால் காது இருக்கு, கேக்காட்டி இல்லை எண்டு நானே ஒரு தீர்ப்பு வைச்சன். மலிஞ்சது வாங்கினால் கேக்காத நேரம் சாமானைக் குறை சொல்லி மனதை ஆத்திக்கொள்ளுவன். அது என்னை நானே பேய்க்காட்டுறது. விலை கூடினதுக்கு வசதி இல்லை. நடுத்தர விலையில ஒண்டு எண்டால் பொய்யும் சொல்லாது, வீட்டையும் விக்கத் தேவையில்லை.

"கண்டறியாத ஹெட்போன்!" எண்டார் வீட்டுக்காரர், பக்கத்து வளவுக்கும் கேக்க. "ஃபோனிலதானே பாட்டு வருது!"

நான் கிளிநொச்சி பஸ்ஸில ஏறிட்டன்.

கடைக்காரர் முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் மனிசர். இடம்பெயர்ந்து எங்கெங்கயோ இருந்திட்டுத் திரும்பி வந்து கடை போட்டவர். நான் அவரை அண்ணன் முறையில நானா எண்டுதான் கூப்பிடுறனான். சுவரில ஹெட்போன்கள் வரிசையாத் தொங்கினது. ஒவ்வொண்டின்ர ரெண்டு காதுக்கும் பொலித்தீன் பை போட்டு, றப்பர் பான்ட் கட்டிக் கிடந்தது.

"என்ன செய்றது தங்கச்சி? எங்கட சனம் தலை நிறைய எண்ணெயை வைச்சுக்கொண்டு வந்து போட்டுப் பாக்குது. பேந்து ஆரிட்ட விக்கிறது?" எண்டார்.

"நல்ல வேலை நானா, இப்பிடித்தான் இருக்க வேணும்" எண்டு நான் மெச்சினன்.

அவர் எல்லாருக்கும் போட்டுக் காட்டுற பாட்டு ஒண்டு வைச்சிருந்தார், பஸ்ஸில போடுற மாதிரி அடி. "என்ன அடி பாத்தியளோ!" எண்டு தானே ஆடினார். "அடி கிடக்கட்டும் நானா, என்ர பாட்டைப் போடுங்கோ" எண்டு என்ர ஃபோனைக் குடுத்தன். ஒண்டு தலையை நசுக்கினது. ஒண்டு காதை அவிச்சது. ஒண்டில ராப் பிரமாதம், தேவாலயப் பாட்டு முழுக்கக் களி. கடைசியில ஒண்டு காதில பஞ்சு மாதிரி இருந்தது. அதில தேவாலயப் பாட்டின்ர நாலு குரலும் நாலாத் தெரிஞ்சுது, பைலாவும் துள்ளினது. வயரும் இல்லை, மெஷின் சில்லில சிக்காது. ஆனால் கைத்தாளம்? ஒண்டிலயும் இல்லை. கடையில இருந்த அத்தனையிலயும் இல்லை.

"ஏன் தங்கச்சி முகம் வாடிப்போச்சு? பிடிக்கேல்லையோ?"

"இல்லை நானா, நல்லாத்தான் இருக்கு" எண்டு அந்தப் பஞ்சுக் காதுக்காரனையே எடுத்தன். வீட்டில ஆறுதலா ஒருக்காக் கேட்டுப் பாப்பம் எண்ட ஆசைதான். "ரெண்டு புதுப் பொலித்தீனும் தாங்கோ, எங்கட பக்கம் கிரவல் றோட்டுப் புழுதி" எண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தன். நான் ஒரு விசரி!

எங்கட வீட்டைப் பாத்தால் உங்களுக்கு விளங்கும். ரீவி றிமோட்டுக்குப் பொலித்தீன். கதிரைக்கு வாங்கேக்க வந்த பொலித்தீன். பிரிட்ஜ் கதவுக்கும் அப்பிடியே. என்ர ஃபோனும் நூல் தூசு போகாமல் கொஞ்ச நாளா ஒரு பொலித்தீன் பைக்குள்ள. சண்டைக்காலத்தில ஒருக்கா எல்லாத்தையும் விட்டிட்டு உடுத்த உடுப்போட ஓடின ஆக்கள் நாங்கள். திரும்பி வந்து ஒவ்வொண்டா வாங்கின சாமானில உறையைக் கழட்ட மனம் வராது. கழட்டினால் பழசாப்போயிடும் எண்டு ஒரு பயம்.

வீட்டை வந்து, புதுப் பொலித்தீனைக் காதுகளுக்குப் போட்டு றப்பர் பான்டும் கட்டிக்கொண்டு மேளக்கச்சேரியைப் போட்டன். தவில் வெடிச்சுது. கண்ணை மூடிக்கொண்டு காத்துக்கொண்டிருந்தன். கைத்தாளம் வரேல்லை. சரி, போச்சு எண்டு நினைச்சன். அம்மாவின்ர சிரிப்பு எனக்கும் வரப்போகுது எண்டு நினைச்சன். பொலுபொலு எண்டு கண்ணீர் வந்திட்டுது.

வீட்டுக்காரர் வாசலில நிண்டு பாத்திட்டார். மனிசன் பதறிப்போனார். அந்தப் பதட்டத்தில, "அழாதையும்! உமக்குக் காது கேக்காட்டி என்ன, நான் இருக்கிறன்!" எண்டு கத்தினார். ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். றோட்டில போன சைக்கிள்காரன் பிறேக் பிடிச்சுத் திரும்பிப் பாத்தான்.

எனக்கு வந்ததே ஒரு விசர்! ஹெட்போனைக் கழட்டி அவருக்கு நல்லாக் குடுக்க வேணும் எண்டு இழுத்தன். வேர்வைக்குப் பொலித்தீன் காதோட ஒட்டிக்கொண்டு வரமாட்டன் எண்டுது. றப்பர் பான்ட் தலைமயிரைப் பிடிச்சுக்கொண்டுது. "சனியன்!" எண்டு வலது பக்கத்துப் பொலித்தீனைக் கிழிச்சு எறிஞ்சன். ஹெட்போன் திரும்பக் காதில வந்து விழுந்துது.

ணிங்.

நான் அசையேல்லை. ணிங், ணிங். வலது காதில. இடது காதில இல்லை. இடது பக்கத்தில பொலித்தீன் அப்பிடியே கிடந்தது.

என்ர பிள்ளையாரே! அதையும் கிழிச்சன். ரெண்டு தவிலுக்கும் நடுவில அந்தக் கைத்தாளக்காரர் வந்து நிண்டார், பளிச்செண்டு, ஒரு பிசகும் இல்லாமல். எனக்குக் கத்த வேணும் போல இருந்தது, கத்தினன். படப்பாட்டைப் போட்டன், புல்லாங்குழல்காரர் மூச்செடுத்தார். தேவாலயப் பாட்டில கடைசியில ஆரோ இருமுறதும் கேட்டுது. ராப்பில கூட அடிக்குப் பின்னால சலங்கை மாதிரி ஒரு சின்னச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது, அது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. ஃபோனைப் பைக்குள்ள இருந்து எடுத்துக் கழுத்தறுத்த ஆளைப் பாக்கிற மாதிரி ஒரு முறை முறைச்சன். ஹெட்போன் இல்லாமலே போட்டன். அதிலயும் ணிங்!

காது போகேல்லை. என்ர காது எங்கயும் போகேல்லை.

பிறகு என்ன, றிமோட், கதிரை, பிரிட்ஜ், ஒண்டையும் விடேல்லை. கிழிச்ச பொலித்தீன் முத்தத்தில குவிஞ்சு கிடந்தது. "ஐயோ, பிரிட்ஜ் பழசாப்போயிடும்!" எண்டு அவர் பின்னால ஓடி வந்தார். "பழசாகட்டும்! நாங்கள் இனி எங்கயும் போகேல்லை, இருந்து பாவிப்பம்!" எண்டன்.

அடுத்த கிழமை கிளிநொச்சிக்குப் போய், நானாவின்ர கையைப் பிடிக்காத குறையா அவர்ர காதில உறை இல்லாத ஹெட்போனைப் போட்டு மேளக்கச்சேரியைக் கேக்க வைச்சன். மனிசன் வாயைப் பிளந்தார். "அல்லாவே, இதுக்குள்ள இவ்வளவு கிடந்ததோ!" எண்டு சுவரில இருந்த எல்லாத்தின்ர பொலித்தீனையும் தானே கழட்டினார். இப்ப அங்க வாறவைக்கு முதல் ஒரு துவாய் குடுக்கிறார், எண்ணெயைத் துடைக்க.

வீட்டுக்காரரிட்டப் பொலித்தீன் கிழிச்ச அண்டைக்கே பின்னேரம் கேட்டிருந்தன், "அப்ப ஏன் இவ்வளவு நாளும் என்னோட கத்தினனீங்கள்?"

நிலத்தைப் பாத்தார். "மெஷின் ஓடேக்க ரெண்டு மூண்டு தரம் கூப்பிட்டன், நீர் திரும்பேல்லை. மாமிக்கு வந்தது உமக்கும் வந்திட்டுதாக்கும் எண்டு பயந்துபோனன்" எண்டார். அதைக் கத்தாமல் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் தவறேல்லை.

இப்ப அவருக்கு ஒரு புது விளையாட்டு. நான் தைச்சு முடிச்சு மெஷினை நிப்பாட்டினதும், கிணத்தடியில நிண்டு, தனக்கே கேக்காத மாதிரி முணுமுணுப்பார்: "ஒரு தேத்தண்ணி குடிச்சால் நல்லா இருக்கும்."

"ஓம், நல்லாத்தான் இருக்கும்!" எண்டுவன் நான் உள்ளுக்க இருந்து. "குசினியிலதான் கேத்தில் கிடக்கு. எனக்கும் ஒண்டு போட்டுக்கொண்டு வாங்கோ!"