ஐ.என்.டி. என்றால் இன்டர்நேஷனல்

மச்சான் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"ரெண்டு ஆம்பிளிஃபயரையும் சேத்துப் போட்டு ஓடவிட்டுப் பாத்தியா?"

"பாத்தேன் மச்சான். அரை மணி நேரம்," என்றேன்.

பச்சைப் பொய். இரண்டு நிமிடம்கூட ஓடவிடவில்லை. வால்வுகளில் வெளிச்சம் வந்தது, பெட்டி லேசாகச் சூடானது, அவ்வளவு போதும் என்று அணைத்துவிட்டுச் சினிமாவுக்குப் போய்விட்டேன். படம் நன்றாக இருந்தது என்பது வேறு கதை.

மச்சான் என் அக்காவின் கணவர். வயர்மேன். நான் ரப்பர் தோட்டத்தை விட்டு மலாக்காவுக்கு ஓடி வந்தபோது காஜா பேராங்கில் தன் வாடகை வீட்டில் எனக்கும் ஒரு மூலை ஒதுக்கியவர். தமிழும் மலாயும் வாசிப்பார், ஆங்கிலம் தெரியாது. நான் ஏழாம் வகுப்புவரை ஆங்கிலம் படித்திருந்தேன். அந்த ஏழு வகுப்பை வைத்துக்கொண்டு அவர் வீட்டில் நான் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. ரேடியோவைக் கழற்றிப் பூட்டவும் கற்றிருந்ததால் தலைக்கனம் இன்னும் கூடிப்போயிருந்தது.

நாடு சுதந்திரம் அடைந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. குடியுரிமைக்கு யார் பதியலாம், என்னென்ன தாள் கொண்டு வரவேண்டும் என்பதை மக்களுக்கு விளக்க எங்கள் பகுதியில் ஒரு கூட்டம் ஏற்பாடாகியது. கம்போங் செட்டி கிராமத்துக்காரர்கள் கும்பிடுவது நம் சாமியைத்தான், பேசுவதோ மலாய். செங், செமாபோக் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தமிழில் சொன்னால்தான் விளங்கும். ஆகவே ஒரு பத்தி மலாயில், அதே பத்தி தமிழில் என்று மாற்றி மாற்றி வாசிப்பதாகத் திட்டம். ஒரே ஸ்பீக்கர் போதுமே என்று மச்சான் சொன்னார். கூட்டக் கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை. எந்த மொழிக்குச் சத்தம் கூட, எதற்குக் குறைச்சல் என்று பிறகு சண்டை வரும், ஆளுக்கு ஒரு மைக், ஆளுக்கு ஒரு ஸ்பீக்கர் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அப்படியானால் இரண்டு ஆம்பிளிஃபயர் வேண்டும். இரண்டையும் தனித்தனியாக வைத்து, தனித்தனி டிரான்ஸ்ஃபார்மர் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மச்சான் அதைத்தான் சொன்னார். நான்தான் ஒரே இரும்புச் சட்டத்தில் இரண்டையும் பூட்டி, ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று நின்றேன். லைன் மின்சாரத்தை வாங்கி வால்வுகளுக்கு வேண்டிய அளவில் கொடுப்பது அதுதான். அது சரியில்லை என்றால் மற்றதெல்லாம் வெறும் தகரம்.

பழைய சாமான் கடைக்குப் போனோம். யுத்தத்துக்குப் பிறகு பட்டாளத்தார் விட்டுப்போன கம்பியில்லாத் தந்திச் சாமான்களைக் கடை முதலாளியான சீனத் தவுக்கே குவித்து வைத்திருந்தார். மச்சான் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தார். கடைசியில் துருப்பிடித்த ஒன்றை இரண்டு கையாலும் எடுத்து வந்தார். அதில் பெயர்த் தகடு இல்லை, எண் இல்லை. குண்டுக்கல் மாதிரி கனத்தது.

நான் எடுத்தது பச்சைப் பெயிண்ட் அடித்த, அடக்கமான, அழகான ஒன்று. பித்தளைத் தகட்டில் "400 W" என்று பொறித்திருந்தது. எங்களுக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு.

"கனமில்லையே. இரும்பும் செம்பும் கம்மியா இருந்தா எப்படித் தாங்கும்?" என்றார் மச்சான்.

தகட்டை வாசிக்கத் தெரியாதவர்தான் தூக்கிப் பார்ப்பார் என்று நான் சொன்னேன். தவுக்கே முன்னால் சொன்னேன். மச்சான் முகம் மாறியது, ஆனால் கோபப்படவில்லை. தகட்டைத் தன் பக்கம் திருப்பி, நானூறுக்குப் பக்கத்தில் இருந்த மூன்று எழுத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டார்.

ஐ.என்.டி. எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"இன்டர்நேஷனல். எல்லா நாட்டுக்கும் ஒத்து வரும்னு அர்த்தம்," என்றேன்.

பச்சைப் பெட்டிதான் வீட்டுக்கு வந்தது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கூட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தற்காலிக இணைப்புக்கான தாளில் கையெழுத்து அவருடையது. ஏதாவது ஒன்று ஆனால் போவது அவர் லைசென்ஸ். இது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தும்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

கூட்டத்தன்று மத்தியானம் மழை பெய்து விட்டது. திடல் சேறாகிக் கிடந்தது. கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் கம்பியை அடித்தால் கீழே கல், ஒரு முழத்துக்கு மேல் இறங்கவில்லை. மச்சானுக்கு அதில் திருப்தியில்லை. இரண்டு இடம் மாற்றி அடித்தும் அதே கதை. நேரமாகிவிட்டது என்று கமிட்டித் தலைவர் அவசரப்படுத்தினார்.

மலாயில் வாசிக்க கம்போங் செட்டியிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மலாய்க்காரர் போலக் கெபாயா உடுத்தி, நெற்றியில் விபூதி வைத்திருந்தார். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டதால் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மைக் முன்னால் நின்றார். தமிழ்ப் பள்ளி வாத்தியார் தமிழ் மைக்கில் நின்றார். நான் பின்னால் மேசையில் பெட்டியோடு உட்கார்ந்தேன். மச்சான் திடலின் மறுகோடியில் ஸ்பீக்கர் கம்பத்தருகே இருந்தார்.

முதல் பக்கம் நன்றாகவே போனது. இரண்டு ஸ்பீக்கரும் கணீரென்று பேசின. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இரண்டாம் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் மேல் கை வைத்தேன். சுட்டது. வாசிப்பவர் நிறுத்தினாலும் வால்வுகள் மின்சாரம் குடிப்பதை நிறுத்துவதில்லை, அதனால் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஓய்வே கிடையாது. மூன்றாம் பக்கத்தில் கையை வைத்திருக்க முடியவில்லை. லேசாக ஒரு வாடை வந்தது. சுருளுக்குப் பூசிய வார்னிஷ் வேகிற வாடை.

அந்த வார்னிஷும் சுருளைச் சுற்றியிருக்கும் துணியும் கருகிவிட்டால் மின்சாரம் இரும்புக்கு வரும். இரும்பிலிருந்து சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து மைக் வயர் வழியாக மைக்கைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுக்கு. அந்த அம்மா ஸ்டாண்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கிறார்.

மொத்தம் ஆறு பக்கம். என்னென்ன தாள் கொண்டு வரவேண்டும் என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதற்காகத்தான் ஜனங்கள் நடந்தே வந்து சேற்றில் குந்தியிருக்கிறார்கள். இப்போது பிளக்கைப் பிடுங்கினால் ஏன் என்று மச்சான் கேட்பார். இன்னும் மூன்றே பக்கம், தாங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்தைத் திருப்பும்போது அந்த அம்மா ஸ்டாண்டிலிருந்து கையை எடுப்பார். அப்போது எனக்கு மூச்சு வரும். திருப்பி முடித்ததும் மறுபடி பிடித்துக்கொள்வார். நான் மேசைக்குக் கீழே பிளக்கைப் பிடித்தபடி பிடுங்காமல் இருந்தேன். இதை எழுதும்போதும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நான்காம் பக்கத்தில் ஸ்பீக்கரில் ஒரு உறுமல் கேட்டது. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. மச்சான் கவனித்தார். கம்பத்தடியிலிருந்து என்னைப் பார்த்தார். பிறகு ஓடாமல், ஆனால் வேகமாக, ஜனங்களுக்கு நடுவே நடந்து வந்தார். பெட்டிப் பக்கம் குனிந்து மோந்து பார்த்தார்.

"நெசமா அரை மணி நேரம் ஓட்டினியா?"

"இல்ல மச்சான்."

"லெப்பாஸ்," என்று அந்த அம்மாவைப் பார்த்து ஒரே கத்தல். விடுங்கள் என்று மலாயில். அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்ததும் மச்சான் என் கையிலிருந்த பிளக்கைப் பிடுங்கி எறிந்தார். பெட்டியிலிருந்து புகை வந்தது.

கூட்டம் எழுந்து சலசலத்தது. சூடு தணிந்த பிறகு மச்சான் திறந்து காட்டினார். சுருளின் துணி கரியாகிக் கிடந்தது. செம்புக் கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு தாள் கனத்துக்கு மிச்சமிருந்தது. வாத்தியார் குனிந்து பித்தளைத் தகட்டை வாசித்தார்.

"ஐ.என்.டி.ன்னா இன்டர்மிட்டன்ட். விட்டு விட்டுப் பயன்படுத்தற சாமான் இது. கொஞ்ச நேரம் பேசிட்டு அணைச்சு ஆற விடணும். தொடர்ந்து ஓட்டறதுக்கு இல்ல. இத எவன் பொறுக்குனது?"

கமிட்டித் தலைவரும் அதையே கேட்டார். லைசென்ஸைப் பற்றியும் ஏதோ சொன்னார்.

"நான்தான். பார்த்துத்தான் எடுத்தேன், தப்பாப் போச்சு," என்றார் மச்சான்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

தலைவர் புகார் எழுதுவதாகக் குதித்தபோது அந்த அம்மாதான் தடுத்தார். இந்த மனுஷன் கத்தியிராவிட்டால் என் பிள்ளைகள் இப்போது எங்கே நிற்பார்கள் என்று தன் மலாயில் கேட்டார். அத்தோடு புகார் பேச்சு அடங்கியது. அவரும் வாத்தியாரும் மீதிப் பக்கங்களைக் கூட்டத்துக்குள் நடந்து நடந்து, தொண்டை கட்டும்வரை வாசித்தார்கள்.

மறுநாள் மச்சான் தனியாகப் போய் அந்தக் கனமான டிரான்ஸ்ஃபார்மரை வாங்கி வந்தார். அதை வைத்துக் கல்யாணம், கோயில், கூட்டம் என்று நாங்கள் இருவரும் பல வருஷம் ஒலிபெருக்கி கட்டினோம். நடந்ததை அவர் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. என்னிடம் கோபித்துக்கொண்டதும் இல்லை.

ஆனால் ஓட்டிப் பார்த்தாயா என்று அவர் என்னைப் பிறகு கேட்கவே இல்லை. ஒவ்வொரு வேலைக்கு முன்னாலும், "நான் பாத்துட்டேன் மச்சான்," என்று நானாகவே சொல்வேன். நிஜமாகவே பார்த்திருப்பேன். "சரி," என்பார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டி மேல் வைத்து, ஸ்விட்சைப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அரை மணி நேரம் உட்காருவார். கடைசிவரை அந்த அரை மணி நேரத்தை அவர் என்னிடம் விடவில்லை.