கொலைகாரனைக் கேட்ட அம்மா

கோடை விடுமுறை என்றால் எனக்கு மெரினா, காதில் பாட்டு, கையில் மர்ம நாவல். அன்று அம்பத்தூரில் நாவலை பஸ் ஜன்னல் வழியாக எறிந்து சீட்டுப் பிடித்தேன். நெரிசலில் முட்டிமோதி ஏறினால், ஒரு அம்மா அங்கே உட்கார்ந்து அதையே படித்துக்கொண்டிருந்தார்.

"என் சீட்டு, எழுந்திருங்க!" கத்திவிட்டேன்.

புத்தகத்தைக் கொடுத்துவிட்டு எழுந்தார். நான் இயர்போனை மாட்டிக்கொண்டேன். நின்றபடியே வந்தவர் கூப்பிட்டது கேட்கவில்லை, தோளைத் தட்டினார்.

"எறங்கப் போறேன் கண்ணு. எவன் கொன்னான்னு மட்டும் சொல்லிடேன், மனசு அதுலயே கீது."

கூசிப்போனேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டி உரக்கப் படித்தேன்.

"டாக்டரா! நெனச்சேன்!" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார்.

கொலைகாரன் தெரிந்தும், கடற்கரையில் அந்த நாவலை ரசித்தே முடித்தேன். இப்போதும் எறிந்துதான் சீட்டுப் பிடிக்கிறேன். ஆனால் பாட்டு ஒரு காதில்தான். இன்னொரு காது, கூப்பிடுகிறவர்களுக்கு.