நிக்காஹ் அன்று காலிதா கொடுத்த மாத்திரை

கீழக்கரை காலிதாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் ஹமீது சுல்தான் பதினெட்டு ஆண்டுகள் துபாயில் இருந்தார். வீட்டையும் மகள் அஃபீஃபாவையும் காலிதாதான் பார்த்துக்கொண்டார். ஹமீது திரும்பி வந்த மறுவருடமே புற்றுநோய் முதுகெலும்பைப் பிடித்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸாக எனக்கு அவர்களைத் தெரியும்.

வலிக்கு, அபினிலிருந்து எடுக்கும் மார்பின் மாத்திரை எழுதியிருந்தார்கள். நோயாளிக்கு அது எளிதாகக் கிடைக்கவேண்டும் என்று சட்டத்தைத் திருத்திப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் மருந்துக்கடைகளில் கேட்டால், "போதை கேஸ்ல மாட்டிவிடாதீங்கம்மா" என்பார்கள். கஞ்சாவுக்கு ஊரில் பஞ்சமே இல்லை. காலிதா மாதம் இருமுறை மதுரைக்குப் பஸ் ஏறி மாத்திரை வாங்கி வந்தார். நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. முதல் வாரத் தூக்கக் கலக்கம் தீர்ந்ததும் ஹமீது எழுந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

மகளின் நிக்காஹ் அன்று காலை எட்டரைக்கு நான் போனபோது, ஹமீது துண்டைக் கடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். அவருடைய அண்ணன் சதக்கத்துல்லா முந்தின நாளே மாத்திரைகளை எடுத்து ஒளித்துவிட்டாராம்.

"பெத்த வாப்பா போதையில பொண்ணக் கொடுத்தா நிக்காஹ் செல்லுமா? அவன் படுத்திருக்கட்டும், நான் கொடுக்குறேன்."

"எம் மகள அவ வாப்பாதான் கொடுப்பாரு மச்சான்," என்றார் காலிதா. "வலியில கத்துறவருக்குத்தான் புத்தி நேரா இருக்குதாக்கும்? எடுங்க மாத்திரைய."

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு முதுகா வலிக்குது?"

மாத்திரை வந்தது. ஒன்பது மணிக்குக் கொடுத்தார். கையோடு, நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத்தையும் வரவழைத்தார். ஹஜ்ரத் பத்து மணிக்கு வந்து கட்டில் அருகே உட்கார்ந்து ஹமீதிடம் கேட்டார். "மாப்பிள்ளை பேரு என்ன?"

"ஸுஹைர். அவரு பொண்ணுக்குக் கொடுக்குற மஹர் மூணு பவுன். சாப்பாடு ஒண்ணரைக்கு. பிந்துச்சுன்னா எங்க சதக்கத்துல்லா காக்கா பசியில ஊரக் கூட்டிருவாரு."

ஹஜ்ரத் சிரித்துவிட்டார். "புத்தி தெளிவாத்தான் இருக்கு. வைத்தியர் கொடுத்த மருந்துல குத்தமில்ல. நீங்களே வந்து கொடுங்க."

பதினொரு மணிக்கு ஹமீது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி மகளைக் கொடுத்தார்.

ஒரு மணிக்கு அடுத்த மாத்திரையை எல்லோர் முன்னாலும் காலிதா கொடுத்தார். தண்ணீர் டம்ளரை நீட்டியவர் சதக்கத்துல்லா.