விளக்கடிச் செவ்வந்தி

2015 வாக்கில் ஒரு கார்த்திகை மாதம். தோவாளைப் பக்கம் சாலையோரத்தில் செவ்வந்தி போட்டிருந்த ஒரு பெண், செடி பூக்கவில்லை என்று தாவரவியல் ஆசிரியரான என்னைக் கூப்பிட்டிருந்தார். ஒல்லியான உடம்பு, வெயிலில் கறுத்த முகம். பேசும்போதும் செடி நுனிகளைத் தடவிக்கொண்டே இருந்தார். ஒரு மொட்டுகூட இல்லை. வயலோரத்தில் புதிய விளக்குக் கம்பம் நின்றது.

"இந்த லைட்டுதான் காரணம்க்கா. இலையில ஒரு புரதம் பூக்கச் சொல்லும். ராத்திரி வெளிச்சம் பட்டா இன்னொரு புரதம் அதத் தடுத்துரும். லைட்ட அணைக்கச் சொல்லி பஞ்சாயத்துல எழுதிக் குடுங்க," என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது.

"அந்த லைட்டுக்கு ஒரு வருசம் நடந்தவளே நான்தான் சார். லைட்டு இல்லாத இருட்டுலதான் லாரிக்காரன் எங்க வீட்டுக்காரர அடிச்சுப் போட்டுட்டுப் போனான். இப்ப அணைன்னு நானே எழுதணுமா?"

நான் விளக்குக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தேன்.

அடுத்த வருடம் ஒரு சாயங்காலம் பஸ்ஸில் அந்த வழியே போனேன். வயல் முழுக்கக் கம்பு நட்டு, விளக்கு வெளிச்சம் படாதபடி கறுப்புத் தார்ப்பாயை அவர் தனியாக இழுத்து மூடிக்கொண்டிருந்தார். விடிந்ததும் அத்தனையையும் விலக்க வேண்டும். சில நாள் தவறினாலே பூப்பது தள்ளிப்போகும். அந்த மாதங்களில் அவர் ஒரு ராத்திரியாவது வெளியூரில் தங்கியிருப்பாரா என்று இன்றும் யோசிக்கிறேன்.