நூலிழையில் தவற ஒரு சுத்தியல்

கோலசிலாங்கூர் ரப்பர்த் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் புதுக் கிராணியாக இருந்தபோது, மரச்சுத்தியலால் பந்தைக் கம்பி வளையத்துக்குள் அடிக்கும் குரோக்கே ஆட ஆள் குறைந்தால் துரை எங்களைப் பங்களாவுக்குக் கூப்பிடுவார். என் ஜோடி, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர். ஒட்டிய கன்னம், எப்போதும் வியர்க்கும் உள்ளங்கை. மரச்சுத்தியல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்ப்பார். பிடி கோணலா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்.

“தோக்கத்தானே போறோம், எதுக்குண்ணே இவ்வளவு பார்க்கிறீங்க?”

“ஜெயிச்சா துரை வேற தோட்டத்துக்கு மாத்திடுவாரு லா. வேணும்னே விட்டுக்கொடுத்தது தெரிஞ்சாலும் அதேதான். நூலிழையில தவறணும்னா நல்ல சுத்தியல் வேணும் தம்பி.”

அவர் பந்து கம்பி வளையத்தை உரசிக்கொண்டு வெளியே நின்றது. துரை மகிழ்ந்தார்.

நான் கைக்கு அகப்பட்ட சுத்தியலால் வளையத்துக்கு வெளியே குறிபார்த்து அடித்தேன். பந்து நேராக உள்ளே புகுந்தது.

துரை சிரிக்கவில்லை. டிரஸர் என் சுத்தியலை வாங்கி, ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.