ஒரு வரி போதும்

ஒரு நடிகர் மொட்டை போட்டதை இணையக் கலைக்களஞ்சியத்தில் தனிக் கட்டுரையாக எழுதியவன் நான். மேற்கோள் மட்டும் பதினான்கு. அதை நீக்கவைத்தவரைப் புனேயில் நடந்த தொகுப்பாளர் கூட்டத்தில் சந்தித்தேன். அதே ஊரின் தாபோடிப் பகுதிக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் எதையும் படிப்பார்.

அன்று, பக்கத்து ஆகுர்டியில் ஓர் அமைச்சரின் கார் மோதித் தொழிலாளி ஒருவர் இறந்ததைப் பற்றிய கட்டுரையை நீக்குவதா வேண்டாமா என்று விவாதித்து ஓட்டெடுக்க வந்தது.

“அரே, நாலு நாள் செய்தி இது. தனிக் கட்டுரை எதுக்கு? மந்திரி கட்டுரையில ஒரு வரி போதும்,” என்றார்.

“செத்தவர் வீட்டுல கேட்டாலும் இதையே சொல்வீங்களாண்ணா?” என்று வீரம் காட்டினேன்.

“செத்தது என் தம்பி. அதான் நான் ஓட்டுப் போடல, ரூலை மட்டும் சொன்னேன்.”

கட்டுரை நீக்கப்பட்டது, ஒரு வரி நின்றது.

சென்ற மாதம் இன்னொரு தொகுப்பாளர் சொன்னார்: “அந்த வரியையும் எடுத்துட்டாங்க சார். ஆதாரமா கொடுத்த பேப்பர் லிங்க் திறக்கலையாம்.”